பெடலை நிறுத்திய கை

ஒவ்வொரு வருடமும் மே மாதம் முதலாம் திகதி அண்ணா கனடாவிலிருந்து தொலைபேசி எடுப்பார். அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்து, இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று கேட்டு, கடைசியில் அந்தப் பேச்சுக்கு வந்து சேர்வார். "அண்டைக்குப் பெடல் சுத்தினது நான்தான்ரா, நீ பக்கத்திலை நிண்டனி." நானும் விட்டுக்கொடுத்ததில்லை. சுற்றியது நான். என் கைதான் நின்றது. என் கை நின்றதனால்தான் வானொலியும் நின்றது. முப்பது வருடங்களுக்கு மேலாக இருவரும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

1993ஆம் ஆண்டு மே முதலாம் திகதி, சனிக்கிழமை. கொழும்பில், ஆமர் வீதியில், தனது கட்சியின் மே தின ஊர்வலத்தில் நின்றிருந்த ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசா தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்ட நாள் அது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, அண்ணாவுக்குப் பதினைந்து. எங்கள் வீடு கிளிநொச்சிக்குப் பக்கத்தில், வட்டக்கச்சியில் இருந்தது. கொழும்பில் நண்பகலை அண்டி நடந்த ஒன்றை உறுதியாக அறிய நாங்கள் இரவு ஒன்பதேகால் வரை காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பைச் சொல்லாமல் அந்தச் செய்தியைச் சொல்ல என்னால் முடியாது.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பிறகு வன்னிக்கு மின்சாரம் இல்லை. வடக்குக்குக் கொண்டுவரக்கூடாத பொருட்களின் பட்டியல் நீளமாக இருந்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, உரம் என்று அந்தப் பட்டியலில் இருந்தவற்றைப் பெரியவர்கள் கவலையோடு சொல்லிக்கொள்வார்கள். சிறுவர்களாகிய எங்களை நேரடியாகத் தொட்டது அதிலிருந்த பற்றரிதான். டோர்ச் லைற்றுக்குப் போடும் சின்னப் பற்றரிகூட வவுனியாவுக்கு இப்பால் வரக்கூடாது. தப்பித் தவறி வந்தால் அதன் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பிவிட வேண்டியதுதான். தீர்ந்துபோன பற்றரிகளை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு கிழமைக்கு உயிர் கொடுக்கப் பார்ப்போம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை இட்டு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, திரியைப் போத்தலுக்குள்ளேயே எரியவிடும் சிக்கன விளக்கில்தான் நாங்கள் படித்தோம். அம்மம்மா அதையும் எட்டு மணிக்கு மேல் எரியவிடமாட்டா.

இந்த நிலைமையில் வானொலியை உயிரோடு வைத்திருந்தது சைக்கிள். அப்பாவின் பழைய ரலி சைக்கிளை முற்றத்தில் ஸ்ராண்டில் ஏற்றிவிட்டால் பின்சில்லு நிலத்தில் படாமல் நிற்கும். பெடலைக் கையால் சுற்றினால் சில்லு சுழலும், ரயரோடு உரசிக்கொண்டிருக்கும் டைனமோ மின்சாரம் தரும். லைற்றுக்குப் போகவேண்டிய வயரைக் கழற்றி வானொலிக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் டைனமோ தருவது ஆடலோட்டம், வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். அப்படியே கொடுத்தால் இரைச்சல்தான் வரும். அண்ணாதான் எங்கோ பழுதடைந்து கிடந்த ஒரு வானொலிப் பெட்டிக்குள்ளிருந்து டயோட்டுகளையும் ஒரு கப்பாசிற்றரையும் கழற்றி வந்து, சிறிய பலகைத் துண்டில் ஆணியடித்து, ஈயம் பற்றவைக்க வழியில்லாமல் செப்புக் கம்பியால் இறுக்கிச் சுற்றி அந்த வேலையைச் செய்து முடித்தவர். பாடப்புத்தகத்தில் இருவாயி, கொள்ளளவி என்று நான் பிறகு படித்த இரண்டையும் கையால் தொட்டுப் பார்த்தது அந்தப் பலகைத் துண்டில்தான். இன்று நான் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன் என்றால் அதற்கு அண்ணாவின் அந்தப் பலகையும் ஒரு காரணம்.

பிபிசி தமிழோசை இரவு ஒன்பதேகாலுக்குத் தொடங்கி அரை மணித்தியாலம் நடக்கும். அரை மணித்தியாலமும் ஒரே வேகத்தில் பெடலைச் சுற்றவேண்டும். வேகம் குறைந்தால் குரல் மெலிந்து போய்விடும், கூடினால் கரகரக்கும். எங்கள் முற்றத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். வயது வந்த ஆண்கள் விறாந்தையின் விளிம்பில் இருப்பார்கள், பெண்கள் குசினி வாசலில் நிற்பார்கள், சிறுவர்கள் முறைவைத்துச் சுற்றுவோம். கை உளைந்தால் "மாத்து" என்று சொல்லவேண்டும். அடுத்தவன் பெடலைப் பிடித்த பிறகே முதலாமவன் கையை எடுக்கவேண்டும், இடையில் ஒரு சுற்றும் தவறக்கூடாது. இது எங்கள் முற்றத்தின் சட்டம். அந்தச் சட்டம் மீறப்பட்டது ஒரே ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன்.

அன்று பின்னேரம் சிறுபோகத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச அப்பாவோடு வாய்க்காலுக்குப் போயிருந்தேன். பரந்தன் பக்கமிருந்து சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, கொழும்பில் பெரிய வெடியாம் என்றார். யாருக்கு என்று அப்பா கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. எட்டு நாட்களுக்கு முன்னர், ஏப்ரல் 23ஆம் திகதி, முன்னாள் அமைச்சர் லலித் அத்துலத்முதலி கிருலப்பனையில் தேர்தல் கூட்ட மேடையில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அதனால் அந்தப் பழைய செய்தியைத்தான் யாரோ மாற்றிச் சொல்கிறார்கள் என்று அப்பா நினைத்தார். பொழுதுபடுவதற்குள் மூன்று விதமான கதைகள் ஒழுங்கையால் வந்துவிட்டன. ஒருவர் ஜனாதிபதி என்றார், ஒருவர் பாதுகாப்பு அமைச்சர் என்றார், மற்றவர் ஜனாதிபதிக்குக் காயம் மட்டும்தான் என்றார். சங்கக்கடையடியில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே விடயத்தைத்தான் சொன்னார்கள்: ஒன்பதேகாலுக்குப் பார்ப்பம்.

அன்று வழமையைவிட இரண்டு மடங்கு ஆட்கள் வந்தார்கள். வெசாக்குக்கு இன்னும் சில நாட்களே இருந்ததால் பாதிக்கு மேல் வளர்ந்த நிலவு வானத்தில் நின்றது. ஆனாலும் அம்மம்மா, யாரும் கேளாமலே, சிக்கன விளக்கைக் கொண்டுவந்து சைக்கிளுக்குப் பக்கத்தில் வைத்தா. எட்டு மணிக்கு மேல் விளக்கெரித்தது அவவின் வாழ்க்கையில் பெரிய விடயம். ஒன்பது மணியிலிருந்தே பெடல் சுழலத் தொடங்கிவிட்டது. அலைவரிசை பிடிக்கும்போது வரும் சீழ்க்கைச் சத்தம், பிறகு அந்தப் பழகிய இசை, பிறகு குரல். தலைப்புச் செய்தியில் "ஜனாதிபதி" என்ற சொல்லும் "கொல்லப்பட்டார்" என்ற சொல்லும் வந்தன. அவற்றுக்கு இடையில் இருந்திருக்கவேண்டிய எதுவும் எனக்கு நினைவில்லை. உடனே குரல் மெலிந்தது, இன்னும் மெலிந்தது, பிறகு இல்லாமலே போய்விட்டது. சில்லு மாத்திரம் ஓரிரு சுற்றுச் சுற்றி நின்றது.

பெடலைச் சுற்றிய கை தானாக நின்றுவிட்டிருந்தது. முற்றத்தில் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தும் ஒருவரும் பேசவில்லை. வானொலி ஏன் நின்றது என்றும் சில கணங்களுக்கு ஒருவருக்கும் விளங்கவில்லை. "சுத்தடா!" என்று அப்பா கத்தினார். அந்தச் சத்தம் எனக்குச் சொல்லப்பட்டது என்று நான் நம்பிவந்தேன். தனக்குச் சொல்லப்பட்டது என்று அண்ணா நம்புகிறார். மீண்டும் சுற்றி, மீண்டும் அலைவரிசையைப் பிடித்து, குரல் தெளிந்து வந்தபோது கொல்லப்பட்டவர் பிரேமதாசாதான் என்பது உறுதியாகிவிட்டது.

அதன் பிறகு அந்த முற்றத்தில் நடந்ததை உள்ளபடி எழுதவேண்டும் என்று விரும்புகிறேன். 1989 ஜனவரியில் பதவியேற்ற பிரேமதாசா இந்தியப் படையை வெளியேறச் சொன்னவர், அந்தப் படையின் கடைசிப் பிரிவு 1990 மார்ச்சில் கப்பலேறியது, அதே வருடம் ஜூனில் அவருடைய அரசாங்கத்தோடு போர் தொடங்கியது. எங்கள் ஊரார் அவரைப் பற்றி ஒரே எண்ணத்தோடு இருக்கவில்லை. ஒருவர் கை தட்டினார். குசினி வாசலில் நின்ற அம்மம்மா, "செத்த வீட்டுக்குக் கை தட்டுறதோ? அவருக்கும் பெண்சாதி பிள்ளையள் இருக்கு," என்று அதட்டினா. தட்டிய கை இறங்கிவிட்டது. வேறொருவர், "இனி ஆர் வரப்போறான்?" என்று கேட்டார். டி. பி. விஜேதுங்க என்ற பெயரை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். இந்தக் கொலையைச் செய்தது விடுதலைப் புலிகள் என்று அரசாங்கம் குற்றஞ்சாட்டியது, அவர்கள் அதற்கு உரிமை கோரவில்லை. அந்த விவாதங்களெல்லாம் பிறகு வந்தவை. அன்றிரவு பெரும்பாலானவர்களின் மனத்தில் இருந்தது ஒரே கேள்விதான், அதை அம்மா சொன்னா: "நாளைக்குப் பொம்மர் வருமோ?"

கொழும்பில் ஒரு நாட்டின் தலைவர் இறந்த செய்திக்கு வட்டக்கச்சியில் நாங்கள் கொடுத்த பதில் பதுங்குகுழியைத் துப்புரவாக்கியதுதான். மறுநாள் விடியமுன்னரே அப்பா மண்வெட்டியோடு இறங்கிவிட்டார். மாரியில் தண்ணீர் நின்று சரிந்திருந்த படிகளை வெட்டிச் சரிசெய்து, பாம்பு பூச்சி இருக்கிறதா என்று தடியால் தட்டிப் பார்த்து, மேலே கிடந்த பனங்குற்றிகளை மீண்டும் நெருக்கி அடுக்கினார். அம்மா ஒரு பையில் அடையாள அட்டைகளையும் குடும்ப அட்டையையும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் போட்டு வாசலில் கொழுவிவிட்டா. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்கு விமானம் எதுவும் வரவில்லை. ஆனாலும் பல நாட்கள் அந்தப் பை அங்கேயே தொங்கியது. சில நாட்கள் கழித்துக் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து யாழ்ப்பாணப் பத்திரிகை ஒன்று வந்து சேர்ந்தது. பத்திரிகைக் கடதாசிக்கும் தட்டுப்பாடு இருந்த காலம் அது, அதனால் பள்ளிக் கொப்பித் தாளில்தான் அச்சடித்திருந்தார்கள். ஜனாதிபதியின் மரணச் செய்தி, நாங்கள் கணக்குச் செய்யும் நீலக் கோடுகளின் மேல் இருந்தது. அந்தத் தாளை அப்பா நெடுநாள் வைத்திருந்தார்.

ஒரே முற்றத்தில் இருந்த இருவர் ஒரே நினைவுக்கு உரிமை கோருவது எப்படி என்று நான் ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் தேடத் தொடங்கினேன். 1977இல் ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்ற இரண்டு உளவியலாளர்கள், அதிர்ச்சிச் செய்தியைக் கேட்ட கணம் புகைப்படக் கருவியின் மின்வெட்டொளி பட்டதுபோல மனத்தில் பதிந்துவிடுகிறது என்று எழுதினார்கள். அமெரிக்கர்கள் பலர் கென்னடி சுடப்பட்ட செய்தியைக் கேட்டபோது தாம் எங்கே நின்றோம் என்பதைத் தெளிவாகச் சொன்னதை அவர்கள் ஆதாரமாகக் காட்டினார்கள். 1986 ஜனவரியில் சலேஞ்சர் விண்ணோடம் வெடித்தபோது உல்ரிக் நைசர் வேறொரு வேலை செய்தார். மறுநாளே மாணவர்களிடம், செய்தியை எங்கே, யாரோடு, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்துவிட்டு, ஏறக்குறைய மூன்று வருடங்களின் பின் அதே கேள்விகளை மீண்டும் கேட்டார். பலருடைய இரண்டாவது பதில் முதலாவதோடு பொருந்தவில்லை. பொருந்தாத பதிலைச் சொன்னவர்களும் அதை மிகுந்த உறுதியோடுதான் சொன்னார்கள். மறுநாள் தாங்களே கைப்பட எழுதியதைக் காட்டிய பிறகும் அந்தப் பழைய நினைவு திரும்பி வரவில்லையாம். இதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. நாங்கள் மறுநாள் எதையும் எழுதி வைக்கவில்லை. கொப்பித் தாள்களெல்லாம் பத்திரிகையாகிக்கொண்டிருந்தன.

அதன் பின்னரும் நாட்டை உலுக்கிய செய்திகள் வந்தன, ஆனால் வன்னியில் அவற்றைக் கேட்ட விதம் மாறிக்கொண்டே போனது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். நான் புதுக்குடியிருப்பில் ஓர் உறவினர் வீட்டில் காலைச் சாப்பாட்டுக்கு இருந்தேன். செய்தி வானொலியால் வரவில்லை, உழவு இயந்திரத்தில் வந்தது. முல்லைத்தீவிலிருந்து வந்த பெட்டியில் ஈர உடுப்போடு இருந்தவர்களைக் கண்ட பிறகுதான் "கடல் ஊருக்குள்ளை வந்திட்டுது" என்று கத்தியவரின் சொல் எங்களுக்கு விளங்கியது. சுமாத்திரா என்ற இடத்தின் பெயரை அன்றிரவு வானொலி சொல்லும்வரை, இது எங்கள் கரைக்கு மட்டும் நேர்ந்ததென்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

போர் முடிந்த 2009ஐப் பற்றி நான் நீளமாக எழுதப்போவதில்லை. ஏப்ரல் 20ஆம் திகதி புதுமாத்தளனிலிருந்து வெளியே வந்தவர்களில் நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா இல்லை. மே மாதம் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், தண்ணீர் பவுசர் வரும் என்று இரண்டு கான்களோடு வரிசையில் நின்றபோது, வரிசையின் முன்பக்கத்திலிருந்து ஒரு வசனம் ஆளாள் மாறிப் பின்னால் வந்தது. எனக்கு முன்னால் நின்ற அம்மா திரும்பி என்னிடம் சொன்னா. எனக்குப் பின்னால் நின்றவரிடம் நான் சொல்லவில்லை, என்னால் முடியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பவுசர் வந்தது, கான்களை நிரப்பினோம். 19ஆம் திகதி நாடாளுமன்றத்தில் மகிந்த ராஜபக்ச தமிழிலும் சில வசனங்கள் பேசினார் என்று பிறகு சொன்னார்கள். உலகம் அந்தச் செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தது என்று ஒவ்வொருவருக்கும் நினைவிருக்கலாம். எங்களிடம் அந்தக் கேள்வியை யாராவது கேட்டால், அவர்கள் செய்தியைத்தான் கேட்கிறார்கள் என்று எனக்குப் படுவதில்லை.

2019 உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆலயங்களில் குண்டு வெடித்ததைப் பூசைக்குப் போயிருந்த அயல்வீட்டு அக்காவின் கைத்தொலைபேசியிலிருந்து அறிந்தோம். ஒரு மணித்தியாலத்துக்குள் பார்க்கக்கூடாத படங்களும் வந்துவிட்டன. பின்னர் முகநூலும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. அன்றிரவு எங்கள் ஒழுங்கையில் நான்கு வீடுகளில் வானொலி கேட்டது. அம்மா ஒரு கதிரையை இழுத்து முற்றத்தில் போட்டுக்கொண்டு இருந்தா. தமிழோசை வானொலி 2017லேயே நிறுத்தப்பட்டுவிட்டதை நான் அவவுக்குச் சொல்லவேண்டியிருந்தது.

இந்த வருடம் அண்ணா வழமைபோல எடுத்தார், வழமைபோல வாதாடினோம். அம்மாவைக் கேட்டோம். தான் குசினி வாசலில் நின்றதாகவும், இரண்டு தலைகள் சைக்கிளடியில் தெரிந்ததாகவும், எது எவருடையது என்று தெரியவில்லை என்றும் சொன்னா. தொலைபேசியை வைத்த பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கணத்தை மீண்டும் பார்த்தேன். நான் எப்போதும் முதலில் காண்பது டைனமோவின் தலையைத்தான். ரயரோடு உரசிச் சுழலும் அந்தச் சிறிய வரிவரியான உருளை, விளக்கு வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது, வேகம் குறையக் குறைய அதன் வரிகள் ஒவ்வொன்றாகத் தெளிவாகத் தெரிந்தன, பிறகு நின்றது. இவ்வளவு காலமும் இதைத்தான் நான் என் சாட்சியாக வைத்திருந்தேன்.

அந்த டைனமோ சைக்கிளின் இடப்பக்கத்தில் பூட்டப்பட்டிருந்தது. இடப்பக்கப் பெடலின் கட்டைகள் உடைந்து தண்டு மாத்திரம் எஞ்சியிருந்ததால், மாற்றுவதற்குப் பெடல் கிடைக்காத அந்த வருடம் முழுவதும் நாங்கள் சங்கிலிப் பக்கமாக, அதாவது வலப்பக்கமாக, குந்தியிருந்துதான் சுற்றினோம். அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு ரயரும் மட்காட்டும் மறைக்கும், டைனமோவின் தலை தெரியாது.

உள்ளங்கையில் அந்தப் பெடல் கட்டையின் சொரசொரப்பு எனக்கு இன்னும் இருக்கிறது. அது வேறு ஏதோ ஓர் இரவினுடையதாக இருக்கவேண்டும். அண்ணாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பதிவை அவர் வாசிப்பார்.